ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவள்

உத்திரமேரூர் பஜார் தெருவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. அன்றைக்கு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். தைத்த துணியை வாங்க வந்த இளவரசி, செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"உன் தங்கச்சி ஜாதகத்த புட்டுப் புட்டு வெச்சிக்கீறாரு பாரு சுதா. நடந்ததெல்லாம் அப்படியே சொல்றாரு!"

போனில் தெரிந்தவர் ஜோசியர் முத்துகிருஷ்ணன். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருப்பவர். நேரில் வருகிற கூட்டம் குறைந்ததும் யூடியூப்பில் உட்கார்ந்துவிட்டார். நடிகை, மந்திரி, கிரிக்கெட்காரர் என்று தினம் ஒருவருடைய ஜாதகத்தைப் பிரித்து மேய்வார். அன்றைக்கு அவர் கையில் மாட்டியவள் என் தங்கை ஜெயப்பிரியா. இந்தியக் கபடி அணியில் ஆடுகிறவள், ரெய்டு போனால் வெறுங்கையோடு திரும்பாதவள்.

"ஜூன் ஒன்று, இரண்டாயிரம். நேரம் கிடைக்கவில்லை, சூரிய உதயத்துக்குக் கணித்திருக்கிறேன். ரிஷப லக்னம், லக்னத்திலேயே செவ்வாய். அதனால்தான் எதிராளி கோட்டுக்குள் தனியாகப் போய்த் தொட்டுவிட்டு வருகிறார்" என்றார் முத்துகிருஷ்ணன். முட்டியில் அடிபட்டது சனியாம். கோச்சோடு முட்டிக்கொண்டது ராகுவாம். ஆசியப் போட்டியில் வாங்கிய தங்கம் குருவாம். இதெல்லாம் பேப்பரில் வந்ததுதான், டீக்கடையில் உட்கார்ந்தவன்கூடச் சொல்வான். அதோடு நிறுத்தியிருந்தால் நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உறவு விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். செவ்வாய் ஏழாம் இடத்தைப் பார்ப்பதால் இவருக்கு இரண்டு தாலி. முதல் கணவர் ஆயுளைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். நீங்களே புரிந்துகொள்ளுங்கள்."

"நாசமாப் போறவனே!" என்று நான் கத்தியதில் இளவரசி போனைக் கீழே போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தால் பஜார் முழுக்கக் கேட்கும். அன்றைக்கு வந்தது கோபம் மட்டுமில்லை, பயமும்தான். அந்த வெள்ளிக்கிழமை ஜெயாவுக்குத் தட்டு மாற்றப் பழையசீவரத்திலிருந்து வருவதாக இருந்தார்கள்.

மாப்பிள்ளை ஸ்ரீகாந்த், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. ஒரு காலத்தில் அவனும் கபடி ஆடினவன். தோள்பட்டை விலகியதால் விட்டுவிட்டான். நாலு வருஷமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பி, இரண்டு வீட்டிலும் பேசிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவன் அம்மா சிட்டம்மாள் முத்துகிருஷ்ணன் சேனலைப் பார்க்காமல் நாஷ்டா தின்ன மாட்டாள். அதோடு அவளுக்கு ஓட்டை வாய். சிட்டம்மாள் காதில் ஒன்று விழுந்தால், வாலாஜாபாத் பஸ் கிளம்புவதற்குள் மொத்த பஸ்ஸுக்கும் தெரிந்துவிடும்.

அன்று மதியமே ஸ்ரீகாந்த் போன் செய்தான். "அக்கா, அம்மா வெள்ளிக்கிழம வேணான்னு சொல்டுச்சு. சோறுகூட துன்னாம ஒக்காந்துகினு கீது."

நான் பயந்தது நடந்துவிட்டது.

இதில் அழுவதா சிரிப்பதா என்று தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஜெயா ஜூன் ஒன்றாம் தேதி பிறக்கவே இல்லை.

எங்கள் அப்பாவும் அம்மாவும் பாலாற்றங்கரைப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். மழை விட்டதும் சூளைக்குப் போனால் அடுத்த மழைக்குத்தான் ஊர் திரும்புவோம். இதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதைப் பற்றி யார் யோசித்தார்கள்? ஜெயாவை ஒருவழியாகக் கொண்டுபோய் நிறுத்தியபோது அவளுக்கு ஏழு வயது முடிந்திருந்தது. பார்க்க ஐந்து வயசுப் பிள்ளை மாதிரி சோனியாக இருந்தாள். ஹெட்மாஸ்டர் எதையும் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில், பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். கணக்குக்கு வசதியாக ஜூன் ஒன்று என்று போட்டுக்கொண்டார். அவள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள்தான். ஊரில் யாருக்கும் அது பொய்யாகவே தோன்றியதில்லை.

பிறகு அவள் கபடி ஆடப் போனாள். சர்டிபிகேட்டில் இருந்த வயதை வைத்து ஜூனியர் அணியில் எடுத்தார்கள். ஜூனியர் ஆசியக் கோப்பையை ஜெயித்தார்கள். அவளுடைய நிஜ வயதுக்கு அந்த மைதானத்தில் கால் வைத்திருக்கவே முடியாது. இப்போது வாயைத் திறந்தால் அவள் மெடல் மட்டும் போகாது. கூட ஆடின அத்தனை பெண்களுடைய மெடலும், அதை வைத்து அவர்கள் வாங்கின வேலையும் சேர்ந்தே போகும். அதனால் வீட்டில் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சர்டிபிகேட் படி ஜெயாவுக்கு இருபத்தைந்து, ஸ்ரீகாந்துக்கு இருபத்தாறு. நிஜத்தில் ஜெயா அவனைவிட ஒரு வயதுக்கு மேல் பெரியவள். அவனுக்குத் தெரியும். "கபடில என்ன அமுக்கிப் போட்டவ, வயசுல மட்டும் சின்னவளாவா இருப்பா" என்று சிரித்தான். அவன் அம்மாவுக்குத் தெரியாது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நேராக ஜோசியர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் வீடியோ எடுக்கிற வட்ட விளக்கு ஒன்றை எரியவிட்டு, அதற்கு எதிரே சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அந்த வீடியோவ எடுத்துடுங்க" என்றேன்.

"ஏம்மா? பெருமையாத்தானே சொல்லியிருக்கேன். நம்ம ஊர்ப் பொண்ணாச்சே."

"ரெண்டு தாலின்றது பெருமையா? உங்க பொண்ணுக்கு ஒருத்தன் இப்படிச் சொன்னா சும்மா வுட்ருவீங்களா?"

"நானாச் சொல்லலம்மா, கிரகம் சொல்லுது. நடந்ததெல்லாம் சரியா வந்துதா இல்லையா? முட்டி அடி வந்துதா, கோச் சண்டை வந்துதா? அப்படின்னா தேதி சரிதான்னு அர்த்தம். ஒருவேளை தேதி தப்புன்னா, சரியான தேதி சொல்லு. பத்தே நிமிஷத்துல வேற கணிச்சு, நானே மன்னிப்புக் கேட்டு வீடியோ போடறேன்."

நியாயமாகத்தான் கேட்டார். அவர் நல்லபடியாகப் பேசப் பேச எனக்குத்தான் எரிச்சல் ஏறியது. தேதி என் நாக்கு நுனியில் இருந்தது. தை மாதம், சூளைக்கு நெருப்பு மூட்டிய அன்று சாயங்காலம். நான் ஒதுங்கி நின்று பார்த்தவள், எனக்குத் தெரியாதா? சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்லித் தொலைக்க வேண்டும் என்று, "சூரிய உதயமாம், உதயம்! அவ பொறந்ததே சாயங்காலம்!" என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சாயங்காலமா? அடடா, இதை மொதல்லயே சொல்லக் கூடாதா!" விரல் விட்டு எண்ணினார். பிறகு முகம் வாடியது. "சாயங்காலம்னா விருச்சிக லக்னம் வருதேம்மா. செவ்வாய் ஏழாம் இடத்தைப் பார்க்கல. ஏழாம் இடத்துலயே வந்து உக்காந்துட்டாரே."

இருந்ததும் கெட்டது.

"இதை ரெண்டாவது பாகமாப் போட்டுடலாம்" என்று போனை எடுத்தார்.

"போட்டுப் பாருங்க. இந்த வெளக்க ஒடச்சி உங்க கையிலயே குடுத்துட்டுப் போவேன்" என்றேன். வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். ரெண்டாவது பாகம் போட மாட்டேன், ஆனால் முதல் பாகத்தை எடுக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதைத்தான் நிறையப் பேர் பார்க்கிறார்களாம்.

பயிற்சி முகாமிலிருந்து ஜெயா லீவில் வந்தாள். ஸ்ரீகாந்த் கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடலாம் என்றானாம். ஜெயா ஒத்துக்கொள்ளவில்லை. "புருசன் செத்த அப்பால நாத்து நட்டு அவன வளத்தவங்கக்கா. தெனம் அவன் வூடு திரும்பற வரிக்கும் அவங்க பயந்துகினு கெடக்கணுமா? அவங்களா கூப்டாதான் அந்த வூட்ல கால் வெப்பேன்" என்றாள். ஆயிரம் பேர் கத்தும்போது அசையாமல் நிற்கிறவள், அன்றைக்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சிட்டம்மாளே வந்துவிட்டாள். ஸ்ரீகாந்த் பைக்கில் கூட்டிவந்து வாசலில் இறக்கினான். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் அம்மா முனியம்மாளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, எனுக்குப் புடிச்ச பொண்ணுதான். இல்லன்னு சொல்லல. ஆனா இவங்க அப்பன பாம்பு கடிச்சி வாரிக் குடுத்தவ நானு. இவனையும் குடுத்துட்டு இன்னா பண்ணுவேன்? உம்பொண்ணு பொறந்தப்ப எய்தன ஜாதகம் இருந்தா குடு. வேற ஜோசியராண்ட காட்றேன். அவரு ஒண்ணும் இல்லன்னா எனுக்கும் ஒண்ணும் இல்ல."

அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். "சூளைல பொறந்த புள்ளைக்கு எவன் அண்ணி ஜாதகம் எய்துவான்?"

"அப்ப நாளு நேரமாவது சொல்லு. அந்தாளு சொன்ன ஜூன் ஒண்ணுதானா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அவசரமாக ஏதோ சொல்ல வந்தேன். ஜெயா என்னைத் தள்ளிவிட்டு சிட்டம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அத்தே, உங்களாண்ட மறைச்சிக்கினு எனுக்கு இந்தக் கல்யாணம் வாணாம். அது என் தேதியே இல்ல."

"அடிப் பாவி!" என்றேன் நான். யாரிடம் போய்ச் சொல்கிறாள்! நாளைக்கு இவள் ஒரு பஸ் ஏறினால் போதும், செய்தி காஞ்சிபுரம் போய்விடும். மறுநாள் பேப்பரில் வந்துவிடும். ஸ்ரீகாந்தும் "ஜெயா, வேணாம்" என்றான்.

சிட்டம்மாள் ஜெயாவையே பார்த்தாள். பிறகு என் அம்மாவைப் பார்த்தாள். "சூளைக்குப் போயிகினு இருந்ததால இஸ்கோல்ல லேட்டா போட்டீங்களா?" அம்மா தலையை ஆட்டினாள். சிட்டம்மாள் கண், சுவரில் மாட்டியிருந்த ஜூனியர் அணி போட்டோவுக்குப் போனது. கழுத்தில் மெடலோடு வரிசையாகப் பெண்கள் நின்றார்கள்.

"இது வெளிய தெரிஞ்சா மெடல புடுங்கிடுவாங்களா?"

"ஆமா அத்தே. என்னுது மட்டும் இல்ல. அதுல கீற எல்லாருதும்."

"அந்தப் பொண்ணுங்க இன்னா பண்ணுச்சுங்க பாவம்" என்றாள் சிட்டம்மாள்.

"ஒண்ணும் பண்ணல. உங்களுக்கு நெஜம் தெரியணும் அத்தே, அவ்ளோதான். நான் பொறந்தது தை மா…"

சிட்டம்மாள் சட்டென்று கையை நீட்டி ஜெயாவின் வாயைப் பொத்தினாள். நாற்று நட்டு நட்டுக் காய்ந்துபோன கை.

"சொல்லாத. எனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். என் வாய் இன்னான்னு எனுக்குத் தெரியாதா? தூக்கத்துலகூட ஒளறுவேன். தெரியலன்னா எப்படி ஒளறுவேன்?"

ஜெயா அந்தக் கைக்குள்ளேயே அழுதாள். சிட்டம்மாள் கையை எடுக்காமல் சொன்னாள்: "அந்தாளு சொன்னது உனுக்கு இல்லல்ல? ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்த எவளுக்கோ சொல்லிக்கீறான். அவ ரெண்டு கட்டட்டும், நாலு கட்டட்டும். நமுக்கு இன்னா பேஜாரு?" பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "காபி கேட்டியே அண்ணி, போடு."

காபி குடித்துவிட்டுப் பைக்கில் ஏறியவள், வண்டி கிளம்பும் நேரத்தில் இறங்கித் திரும்பி வந்தாள். வாசலில் நின்ற என்னை ஓரமாக இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏன்டி சுதா, எம்புள்ளையவிட பெரியவளா அவ?"

நான் விழிப்பதைப் பார்த்தவள் தன் வாயிலேயே இரண்டு அடி போட்டுக்கொண்டாள். "வாணாம், வாணாம். சொல்லாத" என்று சொல்லிக்கொண்டே போய்ப் பைக்கில் ஏறினாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்வி அவளைத் தூங்க விடாது என்று தோன்றியது. இரண்டு நாள் எனக்கு ஒரு துணியும் சரியாக வெட்ட வரவில்லை.

மூன்றாம் நாள் இளவரசி கடைக்கு வந்தாள். வரும்போதே வாயெல்லாம் பல்.

"வர வெள்ளிக்கிழம தட்டு மாத்தறீங்களாமே! சம்பந்தியம்மா பஸ்ல சொல்லிக்கினே வந்துச்சு. யாரோ பெரிய ஜோசியராண்ட காட்டிச்சாம், பத்துக்குப் பத்து பொருத்தமாம். அந்த முத்துகிருஷ்ணனுக்கு ஒண்ணுமே தெரியலன்னு ஒரே சத்தம்."

"அப்படியா?" என்றேன்.

"ஆமா. பொண்ணு எம்புள்ளையவிட ஒரு வயசு சின்னது, அதுவும் நல்லா ஒத்துப் போவுதுன்னு கண்டக்டர்கிட்டகூடச் சொல்டுச்சு. கண்டக்டரு கேக்கவே இல்ல, அதுவா சொல்லுது."

தலை நிமிர முடியவில்லை. ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாமல் நூலை மறுபடி மறுபடி கோத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி, அழுவற?" என்றாள் இளவரசி.

"ஆமா, ஒரு வயசு சின்னவதான்" என்றேன்.