மூன்று சந்தியாகு

கொன்ஸ்ரன்ரைனின் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. அவர்களுடைய ஊரான அரிப்பின் கடற்கரையில் வலை இழுக்கும்போது மணலில் கிடந்த போத்தல் ஓடு வெட்டியது மாசி மாதத்தில். இப்போது சித்திரை. நீரிழிவு என்ற சீனி வருத்தம் உள்ளவரின் காலில் வந்த புண் ஆறமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆசுபத்திரிக்குப் போகமாட்டேன் என்று அவரும் அடம்பிடித்தார். கடைசியில் மனைவி றோஸ்மேரி அழுது குளறித்தான் அவரை மன்னாருக்குக் கூட்டிப்போனாள். இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டும், வியாழக்கிழமை வந்து வார்டில் படுங்கள், பிந்தினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும், அதற்கும் பிந்தினால் உயிருக்கு ஆபத்து என்று டொக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

அதற்குக் கொன்ஸ்ரன்ரைன் சொன்ன பதிலை நினைத்தால் றோஸ்மேரிக்கு இப்போதும் வெட்கமாக இருந்தது.

“என்ரை பூட்டன் எண்பத்தொன்பது வயசு மட்டும் இருந்தவர் டொக்டர். ஒரு குளிசை போட்டதில்லை. ஒரு விரல் குறையாமல் பெட்டிக்குள்ளை போனவர்.”

பூட்டன் சந்தியாகு அந்தக் குடும்பத்தின் பெருமை. கலியாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடினால் அவருடைய பேச்சு வந்துவிடும். மீனும் கூழும் தின்று, உப்புத் தண்ணீரில் குளித்து, எண்பத்தொன்பது வயதுவரை கல்லுப்போல இருந்த மனிசன்! இது வெறும் வாய்ப்பேச்சு என்றால் றோஸ்மேரி எப்போதோ அடக்கியிருப்பாள். கணக்கும் இருந்ததுதான் வினை. கொன்ஸ்ரன்ரைனின் சின்னய்யா ஒருவர் கோயில் புத்தகத்தில் பார்த்து, 1851 இல் ஞானஸ்நானம், 1940 இல் மரணம் என்று ஒரு கடுதாசியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். பூட்டனை நேரில் கண்டவர் என்று ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.

வியாழக்கிழமை வந்தது, போனது. கொன்ஸ்ரன்ரைன் அசையவில்லை. வெள்ளி காலையில் றோஸ்மேரி சண்டை பிடித்தபோது அவர் ஒரு வழி சொன்னார்.

“பாதரிட்டைப் போய்ப் பூட்டன்ரை வயசைக் கோயில் முத்திரையோடை எழுதி வாங்கிக்கொண்டு வா. அந்த டொக்டருக்குக் காட்டுவம். பிறகு அவர் கதைக்கட்டும்.”

“வாங்கித் தந்தால் மன்னாருக்கு வருவீங்களோ?”

“காட்டுறதுக்கு வருவன்.”

எதற்கு வந்தாலும் வந்தால் போதும் என்று றோஸ்மேரி குடையை எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

பங்குப் பாதர் இளம் வயதுக்காரர். வந்த காரியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். அலுமாரியிலிருந்து பழைய புத்தகங்களை இறக்கினார். எல்லாம் லத்தீனில் எழுதியவை. செல் அரித்த தாள்களைப் பக்குவமாகப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இந்தா இருக்கு அக்கா. சவிரிமுத்துவின்ரை மகன் சந்தியாகு, 1851.”

றோஸ்மேரிக்குப் பாதி நிம்மதி, பாதி எரிச்சல். அப்படியென்றால் அந்தக் கிழவர் உண்மையாகவே எண்பத்தொன்பது வயது இருந்து, செத்த பிறகும் அவளுடைய குடியைக் கெடுக்கிறார். பாதர் மரணப் புத்தகத்தை எடுத்து 1940 ஐத் தேடினார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

“கணக்குப் பிழைக்குதே. இதிலை வயசு ஐம்பத்தஞ்சு எண்டு கிடக்கு.”

அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆள் இல்லை அவர். ஒரு மணித்தியாலம் போல இரண்டு புத்தகங்களையும் மாறிமாறிப் பார்த்தார். றோஸ்மேரி கதிரையின் நுனியில் இருந்து, அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

1851 இல் பிறந்த சந்தியாகு எட்டாம் நாள் இறந்துபோயிருந்தான். 1854 இல் அதே தகப்பனுக்கு இன்னொரு சந்தியாகு. முத்துக்குளிப்புக்குச் சனம் குவிந்த காலத்தில், நாலு வயதில், அவனைக் கொலரா கொண்டுபோனது. இரண்டு வருசம் கழித்துப் பிள்ளைப்பேற்றில் தாயும் பிள்ளையோடு போனாள். சவிரிமுத்து வயது போன காலத்தில் மறுமணம் செய்து, 1885 இல் பெற்றவன்தான் மூன்றாவது சந்தியாகு.

“அந்தக் காலத்து வழக்கம் அக்கா. பிள்ளை செத்தால் அடுத்து வாறதுக்கு அதே பேரை வைப்பினம். சந்தியாகு எண்ட புனிதரின்ரை பேர் வீட்டை விட்டுப் போகக்கூடாதாம். உங்கடை சின்னய்யா முதல் பிள்ளையின்ரை பிறப்பையும் மூண்டாம் பிள்ளையின்ரை சாவையும் சேர்த்துப்போட்டார்.”

அதே பேர் என்றதும் றோஸ்மேரி குடையைக் கீழே வைத்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

“அவர் என்னத்தாலை செத்தவர், பாதர்?”

“திருக்கை முள் காலிலை குத்தியிருக்கு. கால் வீங்கிக் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள்.”

பாதர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி, ஒரு பக்கத்தின் வயதுகளை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தார். மூன்று நாள். ஒரு வயது. எட்டு மாதம். இருபத்திரண்டு, பிரசவம். எழுபத்தொன்று. ஐந்து நாள். இரண்டு வயது.

“இதுகளைக் கூட்டிப் பிரிச்சால் ஆளுக்கு இருபது வயசும் வராது. அதுக்காக எல்லாரும் இளந்தாரியிலை செத்ததெண்டில்லை, எழுபத்தொண்டும் கிடக்குது பாருங்கோ. குழந்தையள்தான் தப்பேல்லை. தப்பினவையும் ஒரு முள்ளுக்கும் ஒரு காய்ச்சலுக்கும் போச்சினம். இண்டைக்கெண்டால் ஊசி மருந்தோடை எழும்பியிருப்பினம்.”

எண்பத்தொன்பது என்றே எழுதித் தாருங்கள் பாதர் என்று கேட்கலாமா? அந்தக் கடுதாசியைக் காட்டுகிற சாட்டிலாவது மனிசன் ஆசுபத்திரி வாசலை மிதிப்பார். ஆனால் காட்டிவிட்டு, விரலை வெட்டவிடாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிவிடுவார். பாதர் உள்ளதை உள்ளபடி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே புண்ணின் மணம் வந்தது. கொன்ஸ்ரன்ரைன் கதிரையில் இருந்து காலை வாங்கில் நீட்டியிருந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. கடுதாசியை வாசித்துவிட்டு எறிந்தார்.

“உந்தப் பாதருக்கு லத்தீன் தெரியாது. நேற்றுக் குருப்பட்டம் வாங்கின பொடியன்.”

“பூட்டனுக்கு ஐம்பத்தஞ்சு. உங்களுக்கு ஐம்பத்தெட்டு. நீங்கள் இப்பவே அவரைவிட மூண்டு வயசு கூட. சீனிக்குக் கிளினிக்கிலை தாற குளிசையாலை.”

“பொய். ஒரு வீட்டிலை மூண்டு சந்தியாகுவோ? ஆரும் அப்பிடி வைப்பினமோ?”

றோஸ்மேரிக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. அந்த வீட்டில் அத்தனை வருசமாக வாயைத் திறந்து ஒருவரும் சொல்லாததை அவள் சொன்னாள்.

“கட்டாரிலை நிக்கிற எங்கடை டிலோஜனுக்கு இருபத்திநாலு வயசு. கோயில் புத்தகத்திலை டிலோஜன் எண்டு பார்த்தால் முதலிலை இருக்கிறவனுக்கு இருபத்தேழு. அவன் எங்கையப்பா?”

கொன்ஸ்ரன்ரைன் காலை வாங்கிலிருந்து இறக்கினார்.

மூத்தவன் டிலோஜன் ஏழு மாதம்தான் இருந்தான். போர்க்காலத்தில் மடுக் கோயிலில் அகதிகளாக இருந்தபோது மலேரியாக் காய்ச்சல் வந்து, பாதை பூட்டிக் கிடந்ததால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொன்ஸ்ரன்ரைன் காட்டுக்குள்ளால் நடந்தார். பாதி வழியில் தோள் குளிர்ந்துபோனது. அடுத்த ஆண் பிள்ளை பிறந்ததும் அதே பெயரை வைக்கச் சொன்னவர் அவர்தான். அதன் பிறகு மூத்தவனைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்றவரும் அவர்தான். றோஸ்மேரி கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நினைத்தாள்.

“அவனைக் கொண்டுபோக எங்களுக்குப் பாதை இல்லை,” என்று அவள் அழுதாள். “மருந்து இல்லை. உங்களுக்குப் பாதை இருக்கு, ஓட்டோ வாசலுக்கு வருது, டொக்டர் வாங்கோ எண்டு கூப்பிடுறார். அவனுக்கு இதிலை ஒண்டு இருந்திருந்தால் நான் விட்டிருப்பனோ? நீங்கள் விட்டிருப்பீங்களோ?”

அவர் கறுத்த விரல்களைப் பார்த்தார்.

“டொக்டர் எண்டைக்கு வரச் சொன்னவர்?”

“நேற்று.”

அன்று பின்னேரமே வார்டில் சேர்த்தார்கள். டொக்டர் காலில் சுற்றியிருந்த சீலையை அவிழ்த்துப் பார்த்து, தலையை ஆட்டினார். கறுப்பு பாதத்துக்கு ஏறிவிட்டது, இனி விரல்களை எடுத்துப் பிரயோசனமில்லை, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார். சொன்ன நாளே வந்திருந்தால் என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டுவிட்டார். கொன்ஸ்ரன்ரைன் பூட்டனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

தாதி மிஸ்ஸி ஒருத்தி பதிவுத் துண்டோடு வந்து விபரம் பதிந்தாள். பெயர், வயது, ஊர், தொழில்.

“பிள்ளையள் எத்தனை பேர் ஐயா?”

றோஸ்மேரி வழக்கம்போல இரண்டு என்று சொல்ல வாயெடுத்தாள். கிராமசேவகர் வந்தாலும், கலியாணம் பேச ஆள் வந்தாலும், அவர்கள் இருவரும் அதையே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

“மூண்டு,” என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

“பேர்?”

“டிலோஜன். டிலோஜன். ஜெசிக்கா.”

மிஸ்ஸி பேனையை நிறுத்தினாள். “ஒரே பேரை ரெண்டு தரம் சொல்லிப்போட்டீங்கள் ஐயா.”

“இல்லைப் பிள்ளை, சரியாத்தான் சொல்லுறன். மூத்தவன் ஏழு மாசம் இருந்தவன்.”

அருகே நின்ற றோஸ்மேரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வார்டில் எல்லோரும் பார்க்க, சத்தம் போட்டு அழுதாள். அவர் அவளை ஒருமுறையும் அடக்கவில்லை.