போட் ஷோவுக்கு இரண்டு தரம் போன மனிதர்

குளிர்காலத்தில் படகுக் கண்காட்சி வைப்பவர்களை மகேந்திரராஜா ஒருபோதும் நம்பியதில்லை. படகெல்லாம் கராஜில் குப்புறக் கிடக்கிற மாதமாகப் பார்த்து, பாய்ப்படகுக்காரனுக்குக் கை நமநமவென்று இருக்கிற நேரமாகப் பார்த்து, மண்டபம் நிறைய மினுமினுக்கிற படகுகளை நிறுத்துகிறார்கள் என்றால் அதில் ஏதோ சூது இருக்கத்தானே வேண்டும். கோடையில் வைத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், எல்லாரும் கடலில் நிற்பார்கள். இதுதான் அவருடைய கட்சி. மனிதர் நம்பாத வேறு பலதும் உண்டு. வானொலியில் சொல்லும் காலநிலையை நம்பமாட்டார். பால்கடைக்காரன் சிரித்தால் மிச்சக் காசை இரண்டு முறை பார்ப்பார். பைபர்கிளாஸ் படகு என்றால் பேச்சே வேண்டாம்.

1977ஆம் ஆண்டு அது. மகேந்திரராஜாவுக்கு ஸ்பிரிங்வேலில் வீடு, டண்டினோங்கில் பம்பு செய்யும் கம்பனியொன்றில் பொறியியலாளர் வேலை, கராஜில் ஒட்டுப்பலகையால் செய்த இருவர் ஓட்டும் பாய்ப்படகு. கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் மோர்டியாலக் கடற்கரையில் கிளப் வைக்கும் பந்தயங்களில் அதை ஓட்டுவார். சுக்கான் அவர் கையில் இருக்கும். முன்பாய் அரியரத்தினத்தின் கையில்.

அரியரத்தினம் பெயின்ற் தொழிற்சாலையொன்றில் இரசாயனவியலாளர், பருத்தித்துறைக்காரர்; மனைவி சிவனேஸ்வரி. மெல்லிய உடம்பு, கயிற்றில் நல்ல கைவேகம். காற்று திரும்பினால் சொல்லாமலே சரியான பக்கம் சாய்வார். அப்படி ஓர் ஆளை உருவாக்க இரண்டு கோடைகள் வேண்டும். அந்த ஆள் கைவிட்டுப் போனால் படகு இருந்தும் இல்லாத மாதிரிதான். அவரிடம் ஒரேயொரு குறை. காற்று கொஞ்சம் ஏறினால் போதும், "பாயைக் கொஞ்சம் தளத்துவமே, ஐசே" என்று தொடங்கிவிடுவார். வேகத்தைக் குறைக்கிற இந்தத் தளத்தலால்தான் அவர்களுக்கு இதுவரை ஒரு பந்தயக் கிண்ணமும் கிடைக்கவில்லை என்பது மகேந்திரராஜாவின் கணக்கு. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே கட்டிக்கொண்டு நிற்பார் என்றும் கேலி செய்வார். அரியரத்தினம் கோபிக்கமாட்டார்.

குளிர்காலத்தில் இருவரும் சனி, ஞாயிறு கராஜில் நின்று படகைச் சுரண்டி, சாண்ட் பேப்பர் போட்டு, வார்னிஷ் பூசுவார்கள். மகேந்திரராஜாவின் மனைவி யோகா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, இந்தப் படகில் காட்டும் அக்கறையைக் குசினிக் கதவில் காட்டக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அந்த நாட்டில் ஜூலைதான் நடுக்குளிர். அந்த ஜூலையில் ஒரு சனிக்கிழமை, வேலை பாதியில் நிற்க, அரியரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு அலுவல் இருக்கு, ஐசே. போட்டு வாறன்."

கையில் ஒரு துணிப்பை இருந்தது. மகேந்திரராஜாவின் நாக்கு நுனிவரை கேள்வி வந்தது. ஆனால் புறப்பட்டு நிற்கிற ஆளிடம் எங்கே போகிறீர் என்று எப்படிக் கேட்பது? கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். பூனை குறுக்கே போவதற்கும் பல்லி சொல்லுவதற்கும் சிரிக்கிற மனிதர்தான் அவர். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் வாய் திறக்காது. "ஓம், போட்டு வாரும்" என்றார்.

மறுநாளும் அதே துணிப்பை, அதே அலுவல். திரும்பி வந்த பிறகு கேட்டிருக்கலாமே என்றால், அதற்கு ரோசம் விடவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று இருந்தார். அவராகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டில் யோகாதான் சொன்னாள். "சிவனேஸ்வரி போன் எடுத்தவ. அரியரத்தினம் அண்ணை போட் ஷோவுக்கு ரெண்டு தரம் போட்டாராம். அப்பிடி அங்கை என்ன இருக்கு? நீங்கள் போகேல்லையே?"

மகேந்திரராஜா பிட்டைக் குழைப்பதை நிறுத்தினார்.

"பாய்ப்படகு ஓட்டுறவனுக்கு அங்கை ஒண்டும் இல்லை. முழுக்க மோட்டர் போட். உள்ளுக்குக் கம்பளம் விரிச்சுக் கதிரை போட்டு வைச்சிருப்பாங்கள். அதைக் கடலிலை விடுறதோ, வீட்டு ஹோலிலை வைக்கிறதோ? ஒருக்காப் போறவன் விசரன்."

"ரெண்டு தரம் போறவர்?"

"ரெண்டு தரம் போறவன் ஏதோ வாங்கப் போறான். இல்லாட்டி ஆரையோ பாக்கப் போறான்."

சொன்ன பிறகுதான் ஆர் என்று அவருக்கே வெளித்தது. கீத். கிளப்பில் மிக வேகமான படகு கீத்தினுடையது. படகு விற்கிற ஆள், ஒவ்வொரு வருடமும் ஷோவில் கடை போடுகிறவன். போன பருவம் முடிந்த விருந்தில் அரியரத்தினத்தின் தோளைத் தட்டி, இவரை எனக்குத் தந்துவிடு, இந்த எடைக்குத்தான் ஆள் தேடுகிறேன் என்று சொன்னவன். எல்லாரும் சிரித்தார்கள். மகேந்திரராஜா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கிழமை முழுதும் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நினைக்க நினைக்க எல்லாம் பொருந்தியது. துணிப்பைக்குள் கீத் கொடுக்கிற புதுச் சட்டை இருக்கும். போன மாதம் அரியரத்தினம் புதிதாகச் சப்பாத்து வாங்கியதும் இதற்குத்தான். காற்றில் பாயைத் தளத்தச் சொன்னதுகூட வேண்டுமென்று தோற்கத்தானோ என்று வியாழக்கிழமை யோசித்தார். அப்படி யோசித்ததற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார், ஆனால் யோசிப்பதை நிறுத்தவில்லை. கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். ஒக்டோபரில் படகைத் தண்ணீருக்குத் தள்ளும்போது மற்றப் பக்கத்தைப் பிடிக்க ஆள் இருக்காது என்ற பயம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளப்பிலுள்ள நெவில் என்பவனுக்குப் போன் எடுத்தார். வரும் பருவத்தில் என்னோடு ஓட வருகிறாயா என்றார். நெவில் துள்ளிக்கொண்டு சம்மதித்தான். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுப் பேசி முடித்துவிட்டுப் போனை வைத்தபோது, விட்டுப் போகப் பார்த்தவனை முந்திவிட்ட திருப்தி அவருக்கு. அது படுக்கப் போகும்வரை இருந்தது.

சனிக்கிழமை அரியரத்தினம் கராஜுக்கு வரவே இல்லை. அலுவல் என்று சிவனேஸ்வரி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். மகேந்திரராஜா கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தார். கையும் களவுமாகப் பிடிப்பதற்காக மட்டும் போகிறேன், படகு பார்க்க அல்ல என்று வழி முழுக்கத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

மண்டபம் அவர் நினைத்ததைவிட மோசம். வாசலிலேயே லொறியளவு மோட்டர் படகுகள். அவற்றின் ஏணியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறுகிற குடும்பங்கள், பொரித்த எண்ணெய் வாசம். பாய்ப்படகுகளைத் தேடிக் கடைசி மூலைவரை நடக்க வேண்டியிருந்தது. அங்கே கீத்தின் கடை. கடைக்குப் பக்கத்தில், கீத்தோடு தலையைக் கிட்ட வைத்துப் பேசிக்கொண்டு, அரியரத்தினம்.

மகேந்திரராஜா ஒரு மோட்டர் படகின் மறைவில் ஒதுங்கினார். கீத் அரியரத்தினத்தின் தோளில் கை போட்டான். பிறகு இருவரும் கடையைத் தாண்டி நடந்தார்கள். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஆழமான பெரிய தண்ணீர்த் தொட்டியொன்று வைத்திருந்தார்கள். சுற்றிவர ஆட்கள். தண்ணீரில் ஒரு சின்னப் பாய்ப்படகு.

அரியரத்தினம் துணிப்பையைத் திறந்து துவாயை எடுத்து வைத்தார். சட்டையைக் கழற்றினார். நீச்சல் காற்சட்டையோடு, லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு அந்தப் படகில் ஏறி உட்கார்ந்தார். தொட்டிக்குப் பொறுப்பாக நின்ற ஒருவன் படகைக் கவிழ்த்தான். பாய் தண்ணீரில் அறைந்தது. அரியரத்தினம் அதன் அடியில் மறைந்துபோனார்.

மகேந்திரராஜா தன்னையறியாமல் மறைவைவிட்டு வெளியே வந்துவிட்டார்.

தலை மறுபக்கத்தில் எழும்பியது. இருமினார், துப்பினார், பிறகு கவிழ்ந்த படகின் அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் ஏறி நின்று தன் முழு எடையையும் போட்டுச் சாய்ந்தார். படகு மெல்ல நிமிர்ந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். கீத் ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தான்: இவருக்கு நீந்தத் தெரியாது. போன கிழமை முதன்முதல் வந்தபோது முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மாட்டேன் என்றார். இன்றைக்கு மூன்றாம் முறை. பாருங்கள்.

தொட்டியைவிட்டு இறங்கித் துவாயைத் தேடிய அரியரத்தினத்தின் கண்ணில் மகேந்திரராஜா பட்டார்.

"நீர் இஞ்சை என்ன செய்யிறீர்? போட் ஷோ வீண் எண்டு சொன்னனீர்."

"உமக்கு நீந்தத் தெரியாதோ?"

"தெரியாது."

"பருத்தித்துறை ஆள் நீர்."

"வீட்டிலையிருந்து பாத்தா கடல்தான். அதுக்காக? அம்மா ஒருநாளும் இறங்க விடேல்லை. கிணத்திலைதான் குளிச்சனாங்கள்." அரியரத்தினம் தலையைத் துவட்டினார். பற்கள் அடித்துக்கொண்டன. "நீர் முதல் நாள் வந்து, படகுக்கு ஆள் வேணும், வாரும் எண்டு கூப்பிட்டீர். நீந்தத் தெரியுமோ எண்டு கேக்கேல்லை. தெரியாது எண்டு சொல்லியிருந்தா ஏத்தியிருப்பீரோ?"

மகேந்திரராஜா இன்னும் ஆடிக்கொண்டிருந்த தொட்டித் தண்ணீரைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு இந்த ஊரிலை உம்மைத் தவிர ஆரைத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை எண்டா நானும் சிவனேஸ்வரியும் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அதான் வாயைத் திறக்கேல்லை. காத்துக் கூடேக்கை மட்டும் பாயைத் தளத்தச் சொல்லிக் கேட்டனான்." அவர் சிரித்தார். "இனிப் பிரச்சினை இல்லை. கவிண்டா என்ன செய்யிறதெண்டு இப்ப தெரியும். நீச்சலுக்கும் ஒரு வகுப்புப் பாத்து வைச்சிருக்கிறன். இந்தக் கோடை உமக்கு ஒரு கிண்ணம் எடுத்துத் தாறன், ஐசே."

மண்டபத்தில் அத்தனை சத்தத்துக்கு நடுவே மகேந்திரராஜாவுக்குத் தன் காது மட்டும் சூடாக எரிவது தெரிந்தது. எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது. நெவிலிடம் திருப்பிப் பேசி விலக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கொடுத்த வாக்கு. கிளப் முழுக்க நெவில் இதற்குள் சொல்லியிருப்பான். மறைத்துப் பயனில்லை.

"அரியர், நான் ஒரு மடைவேலை பாத்திட்டன். நீர் கீத்தின்ரை படகுக்குப் போகப் போறீர் எண்டு நினைச்சு, நேற்று உம்மடை இடத்தை நெவிலுக்குக் குடுத்திட்டன்."

அரியரத்தினம் துவட்டுவதை நிறுத்தினார். கீத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். கோபிப்பார் என்று மகேந்திரராஜா எதிர்பார்த்தார். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெவிலுக்கு நீந்தத் தெரியுமோ?"

"தெரியும்."

"கேட்டனீரோ?"

"ஓம்," என்றார் மகேந்திரராஜா. "கேட்டனான்."

அரியரத்தினம் தலையை ஆட்டினார். தொட்டிப் பக்கத்திலிருந்து கீத் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டான், அடுத்த முறைக்குப் படகு ஆயத்தமாக நின்றது. துவாயை மடித்துக் கதிரையில் வைத்துவிட்டு, லைஃப் ஜாக்கெட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் நடந்தார்.