தம்பகக் கன்றும் வெள்ளை வேரும்

காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டுத் தம்பகக் கன்று நட்டவள் முனீஸ்வரி. கேரளத்து மலைக்காட்டு மரம். உத்தரத்துக்கு அவ்வளவு கிராக்கி. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டும் அவள் கணவனுக்கு மட்டும் நம்பிக்கையில்லை. கன்று பிடிக்காவிட்டால் நிலத்தைத் தம்பி சுந்தரலிங்கத்துக்கே கிரயம் செய்துவிடுவேன் என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டான்.

அந்தக் கொழுந்தன் சுந்தரலிங்கம்தான் பக்கத்துத் தோட்டக்காரன். கிணற்று முறைத் தண்ணீரில் சண்டை வந்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. இவளைப் பார்த்து அவனும் அதே கன்றுதான் நட்டான். அவனுடையது முழங்கால் உயரத்தில் முக்கிக்கொண்டு நிற்க, இவளுடையது இடுப்பைத் தாண்டிவிட்டது. யாருக்குத்தான் வயிறு எரியாது?

ஒரு நாள் காலை, அவன் இவளுடைய கன்றடியில் குத்தவைத்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். இவளைக் கண்டதும் எழுந்து வரப்பேறிப் போய்விட்டான். முனீஸ்வரி அதே இடத்தைத் தோண்டினாள். வேரெல்லாம் வெள்ளை நூல், ஊசிப்போன இட்லியில் பூத்ததுபோல. அடுத்த கன்றிலும் அப்படியே. அவன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவனுடைய கன்றையும் தோண்டினாள். அங்கே வேர் சுத்தமாக இருந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? நிலத்துக்கு அடிபோடுகிறான்!

திராட்சைக்காரிக்கு வெள்ளைப் பூஞ்சையைக் கண்டால் கை தானாக நீல மயில்துத்தத்துக்குப் போகும். சுண்ணாம்போடு கரைத்து எல்லாக் கன்றுக்கும் வேர் நனைய ஊற்றினாள். அதோடு விட்டாளா? மருந்து ஊற்றுமுன் சுரண்டி எடுத்திருந்த வெள்ளை மண்ணைச் சட்டி சட்டியாகச் சுமந்துபோய் அவனுடைய கன்றுகளின் அடியில் புதைத்தாள். வைத்தவனே அனுபவிக்கட்டும்.

பருவமழை ஓய்ந்தபோது அவனுடையது தளதளவென்று எழும்பியது. இவளுடையது மஞ்சளடித்துத் தலை தொங்கியது. இன்னும் என்னத்தையோ செய்துவிட்டான் என்று கொதித்துப்போய், கன்று விற்ற லோயர் கேம்ப் நர்சரி கர்ணனை வரவழைத்தாள். அவர் வாயாலேயே குட்டு உடையட்டும் என்று கொழுந்தனையும் கூப்பிட்டு நிறுத்தினாள்.

கர்ணன் கன்றைப் பிடுங்கிப் பார்த்தார். வேரெல்லாம் நீலம். “மயில்துத்தம் ஊத்துனீகளா?” என்றவருக்கு முகம் செத்துப்போனது. அந்த வெள்ளை நோயில்லையாம், ஒருவகைக் காளானாம். வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூல்விட்டு மரத்துக்குத் தண்ணீரும் சத்தும் கொண்டுவரும்; இலை சமைத்ததில் மரம் அதற்குப் பங்கு கொடுக்கும். அது இல்லாவிட்டால் தம்பகம் தேறாது என்றுதான் முனீஸ்வரி வாங்கிய முதல் ஈட்டுக் கன்றுகளுக்குத் தாய்மரத்தடி மண்ணைக் கலந்திருந்தார். அடுத்த ஈட்டுக்கு அந்த மண் கிடைக்கவில்லை. சுந்தரலிங்கம் வாங்கியது மண் கலக்காத அந்த ஈட்டைத்தான்.

பேசிக்கொண்டே சுந்தரலிங்கத்தின் கன்றடியைத் தோண்டியவர் அங்கேயும் வெள்ளை நூலைக் கண்டு நிமிர்ந்தார். “இங்கன எப்பிடி வந்துச்சு?”

சுந்தரலிங்கம் முனீஸ்வரியைக் கைகாட்டினான். “மதினிதான் கொண்டாந்து போட்டாக. சந்தையிலருந்து வாறப்பப் பாத்தேன். செய்வினை மண்ணோன்னு பயந்து தொடவே இல்ல. ஒங்க கன்னு மட்டும் எப்பிடி வளருதுன்னு பாக்க வந்தவனுக்கு நீங்களே குடுத்திருக்கீக. நல்ல மனசத் தப்பா நெனச்சுட்டேன் மதினி.”

முனீஸ்வரிக்கு உடம்பு கூசியது. வாயை மூடிக்கொண்டு நல்ல பேரை வாங்கிக்கொள்ளலாம். முடியவில்லை.

“நல்ல மனசெல்லாம் இல்ல தம்பி. ஒங்க கன்னு சாகட்டும்னுதான் போட்டேன்.”

கர்ணன் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுந்தரலிங்கம் அவளையே பார்த்தான்.

“அப்ப மொதல்ல நான் நெனச்சது சரிதான்” என்றான்.

பிறகு, நுனி பச்சையாயிருக்கும் கன்றையாவது பிழைக்க வைக்க முடியுமா என்று கர்ணனிடம் கேட்டான். புது இடத்தில் குழியெடுத்து, காளான் உயிரோடிருக்கும் மண் போட்டு மாற்றி நட்டால் பாதி தேறும் என்றார் அவர். சுந்தரலிங்கம் மம்பட்டியை எடுத்துத் தன் கன்றடி மண்ணைச் சட்டி நிறைய அள்ளி வந்து நீட்டினான்.

வாங்கிய முனீஸ்வரியின் விரல், பழகிய சந்தேகத்தில், முதலில் மண்ணைக் கிளறிப் பார்த்தது. வெள்ளை இருந்தது. அவள் அழுதாள்.