அழித்துவிட்டு நிரப்பவா?

கிளப் கதவை உதைத்துத் திறந்தாள் லார்னா. ஹெல்மெட்டை மேஜைமேல் எறிந்தாள்.

"நேத்து ஓட்டத்துல நான் கொடியைச் சுத்தி வரலைன்னு எவன் எழுதிக் குடுத்தது?"

"நான்தான்" என்றான் வெண்டல், காபியை உறிஞ்சிக்கொண்டே. "உள்பக்கமா வெட்டிக்கிட்டுப் போனே. என் கண்ணால பாத்தேன்."

"உன் கண்ணுக்கு என் வண்டியோட பின்பக்கம் மட்டும்தானே தெரிஞ்சிருக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. லார்னா வெளியூர்க்காரி. எல்க் ஏரி மோட்டார் பனிவண்டிப் பந்தயத்தில் மூன்று வருடமாக எங்கள் ஆட்களை மண்ணைக் கவ்வ வைத்துக்கொண்டிருந்தாள். நேரம் குறிக்கிற எனக்கும் அவளைக் கண்டால் ஆகாது.

கிளப் தலைவர் ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு இறுதிப் போட்டி. அதுக்குள்ள ஆதாரம் காட்டும்மா. இல்லைன்னா வண்டியை ட்ரெய்லர்ல ஏத்து."

லார்னா மேல்கோட்டுப் பையிலிருந்து சிகரெட் பெட்டி அளவில் ஒரு வீடியோ பிளேயரை எடுத்தாள்.

"முழு ஓட்டமும் இதுல இருக்கு. என் வீட்டுக்காரர் புடிச்சது."

பொத்தானை அழுத்தினாள். திரை கறுப்பாகவே இருந்தது. வெளியே மைனஸ் இருபத்தைந்து. பேட்டரி உறைந்து செத்திருந்தது.

"குளிருல மேல்பையில வெச்சாளாம்! எந்த வெயில் ஊர்லருந்து வந்தே அம்மணி, ஃப்ளோரிடாவா?" என்றான் வெண்டல்.

அதன் வயரைக் கணினியில் செருகித்தான் சார்ஜ் ஏற்ற முடியும். அவள் வீட்டுக் கணினி இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தது. அறையில் இருந்ததோ வெண்டலின் லேப்டாப் ஒன்றுதான்.

"குடுடா" என்றார் ஹார்லன். வெண்டல் வேண்டாவெறுப்பாக நகர்த்தினான். லார்னா வயரைச் செருகியதும் வெளியிலிருந்து ஒருவன் கத்தினான்: அவளுடைய வண்டி பெட்ரோல் லாரிக்கு வழி மறிக்கிறதாம்.

"இதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்று வெண்டலிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஹார்லனும் லாரிக்காரனைத் திட்ட எழுந்து போனார்.

லேப்டாப்பில் ஒரு கட்டம் எழும்பியது. வெண்டலின் தோளுக்குப் பின்னால் இருந்து நானும் படித்தேன். 'இந்தப் பிளேயர் வேறொரு கணினியைச் சேர்ந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இந்தக் கணினியில் இருப்பதை நிரப்பவா?'

வெண்டல் 'அழித்து' வரைக்கும்தான் படித்திருப்பான். 'சரி' என்பதை அழுத்திவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இன்னொரு காபி ஊற்றப் போனான். நான் என் தாளில் குனிந்துகொண்டேன்.

பத்து நிமிடம் கழித்து இருவரும் திரும்பினார்கள். லார்னா வயரைப் பிடுங்கி, பிளேயரை ஹார்லனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டி, இயர்போனைக் காதில் செருகினார்.

"எதும்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும்."

"ஆறு இருக்கே?"

லார்னாவின் முகம் வெளுத்தது. வெண்டல் காபிக் கோப்பையோடு அப்படியே நின்றான். ஹார்லன் முதலாவதை அழுத்தினார்.

சின்னத் திரையில் வெண்டலின் ஷெட். வெண்டல் இன்ஜினைப் பிரித்துப் போட்டு, சிலிண்டரின் உட்புறத்தை அராவிக்கொண்டிருந்தான். எங்கள் பந்தயத்தில் இன்ஜின் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். திரையில் வெண்டல் கேமராவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தான்.

காதில் கேட்டதை ஹார்லன் வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னார். "'ஹார்லன் கிழம்... பானெட்டைத் திறந்துகூட... பாக்காது.'"

"தலைவரே, அது சும்மா விளையாட்டுக்கு..."

"வண்டியை ஏத்து, வெண்டல்."

"அப்ப இவ? கொடி?"

"கொடியைப் பாத்தது நீ ஒருத்தன்தானே? உன் பேச்சை இனி என் நாய்கூட நம்பாது. அவ ஓட்டட்டும்."

லார்னாவுக்கு அப்போதுதான் புரிந்தது. "என் படத்தை அழிச்சுட்டியாடா, பாவி?"

"முதல்ல என் படத்தை அழிச்சுட்டுப் பேசு!"

"எதுக்கு? ஊர் ஊராப் போட்டுக் காட்டறேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ இங்கயேதானே உக்காந்திருந்தே?"

"நேரம் எழுதிக்கிட்டிருந்தேன்" என்றேன்.

இரண்டு மணிக்குக் கிளம்பினாள். முதலாவதாக வந்தாள். நேரத்தைக் குறித்து, கையெழுத்துக்காகத் தாளையும் பேனாவையும் நீட்டினேன். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு, வேறொருவனிடம் பேனா கேட்கப் போனாள்.