ஆர்லோவின் பர்ஸில் இருக்கும் காகிதம்

எதிர்வீட்டு ஆர்லோ ஸ்டெனரூட் போன நவம்பரில் தோட்டா அடைக்கும் இயந்திரத்தைச் சாப்பாட்டு மேசையில் நான்கு போல்ட் போட்டு இறுக்கிவிட்டான். கராஜ் குளிரில் வெடிமருந்து நிறுக்கும் தராசு பொய் சொல்கிறதாம். கிறிஸ்துமஸ் விருந்தை நாங்கள் மடியில் தட்டு வைத்துத்தான் சாப்பிட்டோம். ஈஸ்டருக்கும் இதே கதியா என்று அவன் மனைவி கொரின் கேட்டதில் பந்தயம் பிறந்தது. அவன் கையால் அடைத்த தோட்டாவில் ஐந்தை நூறு கஜ தூரத்தில் சுட்டு, ஐந்து ஓட்டைகளும் ஒரு கால் டாலர் நாணயத்துக்குள் அடங்கினால் இயந்திரம் மேசையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் கராஜ்.

பனி உருகிய முதல் சனிக்கிழமை எல்லோரும் சுடுதளத்தில் இருந்தோம். நானும் தொலைநோக்கியோடு போயிருந்தேன். என் இலக்கை நான் பார்ப்பது அபூர்வம்.

ஆர்லோ துப்பாக்கியைத் தாங்கும் மணல் மூட்டையைப் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் தட்டித் தட்டிச் சமன் செய்தான். பக்கத்து மேசையில் கொரின், வயலில் தரை அணில் சுடும் தன் சின்னத் துப்பாக்கியோடு. ஹார்டுவேர் கடையில் இருந்ததிலேயே மலிவான தோட்டா.

இலக்குச் சட்டங்களின் எண் பலகைகள் பனியில் விழுந்துபோயிருந்தன. அந்தக் குழப்பத்தில் ஆர்லோவின் முதல் குண்டு கொரினின் காகிதத்தில் போய் விழுந்தது. எனக்குத் தெரிந்தது, கொரினுக்கும் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன், அவள் கண்ணைக் காட்டினாள், மூடிக்கொண்டேன். எனக்கு அது பழக்கமில்லாத காரியம். ஐந்தும் சுட்டு முடிக்காமல் இலக்கை எட்டிப் பார்த்தால் ராசியில்லை என்று நினைக்கிறவன் ஆர்லோ. மீதி நான்கையும் அங்கேயே விட்டான். கொரின் குழலைச் சற்றே திருப்பி, அவன் காகிதத்தில் நிதானமாக ஐந்து சுட்டாள்.

சுடுவதை நிறுத்தக் கொடி ஏறியதும் நடந்து போனோம். தன் காகிதத்தில் நாணயத்தை வைத்தான் ஆர்லோ. ஐந்து ஓட்டைகளும் மறைந்தன. அடுத்த அரைமணி நேரம் தளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் மருந்தின் எடை முதல் பித்தளை உறையின் பதம் வரை பாடம் நடந்தது. கொரினின் காகிதத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்ததைப் பார்த்து, "உனக்கும் ரெண்டு அடைச்சுத் தரவா?" என்றான்.

கொரின் அவன் பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து, அதன் மூக்கை அவன் காகிதத்தில் இருந்த சின்ன ஓட்டை ஒன்றில் வைத்தாள். போகவில்லை.

"உன் குண்டு இவ்வளவு தடி. இந்த ஓட்டைக்குள்ள எப்படிப்பா போச்சு?"

ஆர்லோ அதைப் பார்த்தான், அவள் காகிதத்தைப் பார்த்தான், பிறகு கடைசியில் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன்.

"மேசை எனக்கு. காகிதம் உனக்கு. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள்.

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

ஈஸ்டருக்கு மேசையில் பன்றித்தொடை வறுவல் வந்தது. போல்ட் ஓட்டைகளின் மேல் தட்டுகள். ஆர்லோ பர்ஸிலிருந்து காகிதத்தை எடுத்துக் கொரினின் அக்கா கணவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்ப்பா ஆர்லோ, நீ சுடுறது பெரிய குண்டு இல்ல?"

கொரின் அவர் தட்டில் இன்னொரு பெரிய துண்டை வைத்தாள்.