நாடா வெட்டும் வரை

திருநெல்வேலி டவுணில் அந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அனுராதாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மேடையில் ஏழு நாற்காலிகள், ஏழிலும் நிபுணர்கள். மாவுச்சத்துக்கு ஒருவர், புரதத்துக்கு ஒருவர், இரும்புச்சத்துக்கு ஒருவர். சமூக நலத்துக்கென்று வந்தவர் மட்டும் ஓரமாக, யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நடுநாயகமாகப் பேராசிரியர் ஞானசம்பந்தன். அவர் புத்தகத்தைப் படித்துத்தான் அனுராதா ஊட்டச்சத்து விரிவுரையாளர் ஆனாள். இன்றைய விழா நல்லபடியாக முடிந்தால் தம் ஆராய்ச்சிக் குழுவில் சேர்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். அவர் தும்மினால்கூட அதில் ஒரு கருத்து இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

மேடைக்குக் கீழே சரிவிகித உணவுக் கண்காட்சி. அவித்த முட்டை, முருங்கைக்கீரை, கடலை மிட்டாய், சீப்புச் சீப்பாக வாழைப்பழம். குறுக்கே சிவப்பு நாடா. சிறப்பு விருந்தினர் வந்து அதை வெட்டும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. அவருடைய ரயிலோ இன்னும் மணியாச்சி தாண்டவில்லை.

எதிரே பத்தமடைப் பக்கத்துத் தாய்மார்கள், பிள்ளைகளோடு. விருந்தினர் முன்னால் பிள்ளைகளை நிறுக்க வேண்டும். வெறும் வயிற்றில் நிறுத்தால்தான் ஆராய்ச்சிக்கு எடை சுத்தமாக இருக்கும், அதுவரை எதுவும் கொடுக்கக் கூடாது என்பது பேராசிரியர் கட்டளை. ஊர் ஊராகப் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தவள் அனுராதாதான்.

மத்தியானம் ஆகியும் புரத நிபுணர் புரதத்தை விடவில்லை.

"டீச்சரம்மா, இவனைக் கொஞ்சம் பாருங்க." பாக்கியவதியின் தோளில் மூன்று வயது மகன் இசக்கி துவண்டு கிடந்தான். "காலையில அழுதுக்கிட்டு கெடந்தான். இப்ப அழவும் மாட்டுக்கான்."

"என்ன குடுத்தீங்க?"

"நீங்கதான ஒண்ணும் குடுக்காண்டாம்னு சொன்னிய? பச்சத்தண்ணி மட்டுந்தான். பெரிய பெரிய டாக்டர்மாரு சொன்னா சரியாத்தான இருக்கும்!"

அனுராதா மேடைக்கு ஓடினாள். "சார், ஒரு பிள்ளை பசியில சரியுது. பழமாவது குடுத்துரட்டுமா?"

"நாடா வெட்டலியேம்மா. அதோட எடைக்கணக்கு என்னத்துக்கு ஆகும்? பொறு, அடுத்து நான் பசியைப் பத்தித்தான் பேசப்போறேன்."

அப்போதுதான் அவர் சட்டையில், காலையில் சாப்பிட்ட சாம்பார் பட்டிருந்ததை அவள் கவனித்தாள்.

இறங்கி வந்தாள். தாம்பாளத்தில் இருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். நறுக்கென்று நாடா அறுந்தது. பழக்கதோஷத்தில் ஏழு நிபுணர்களும் கைதட்டினார்கள்.

பழத்தைப் பிசைந்து இசக்கியின் வாயில் வைத்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். பைய அவன் கண் திறந்தது. கை நீண்டு மீதிப் பழத்தைத் தானே பிடித்துக்கொண்டது. அனுராதா பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்ட மாவுச்சத்து ஒரு பிள்ளையின் விரல்களில் பலமாக மாறுவதை இன்றுதான் கண்ணால் காண்கிறாள். மேடையைப் பார்த்தபோதுகூட உடம்பு இப்படிச் சிலிர்க்கவில்லை.

மற்றப் பிள்ளைகளும் மேசையை மொய்த்தன.

"ஆராய்ச்சியே பாழாப் போச்சே! இனி குழுவில உனக்கு இடம் கிடையாது!" என்று மேடையிலிருந்து கத்தினார் ஞானசம்பந்தன்.

சமூக நல நிபுணர் மட்டும் கீழே இறங்கி வந்து, "இங்கன குடும்மா" என்று முட்டை உரிக்க உட்கார்ந்தார்.

அனுராதா நிமிர்ந்தாள். "இடம் போனாப் போகட்டும் சார். பிள்ளையைப் பட்டினி போட்டுட்டுச் சத்தைப் பத்திப் பேசுறது படிப்பில்ல. முதல்ல பிள்ளைக்குச் சோறு, அப்புறந்தான் நமக்கு மேடை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுதேன்."