மாமா பாய் விரித்தால் விமானம் இல்லை

லிலியெத்தா ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தை முடித்தால் போதும் என்று எங்கள் விளையாட்டுச் சங்கம் சொல்லியிருந்தது. ஜெயிக்கச் சொல்லவில்லை. கடந்த இரண்டு தீவு நாடுகளின் போட்டிகளிலும் எங்கள் துவாலுவிலிருந்து போன நீண்டதூர ஓட்டக்காரர்கள் ஓட்டத்தை முடிக்கவில்லை. ஒருவனுக்கு ஷூ கழன்றது. எடுக்கத் திரும்பியவன் அங்கேயே உட்கார்ந்து ஏன் கழன்றது என்று ஆராய ஆரம்பித்துவிட்டான். அடுத்த முறை போன பெண்ணை மற்றவர்கள் ஒரு முழுச் சுற்று முந்திவிட்டார்கள். முதலில் வந்தவள் முடித்தபோது இவளும் முடித்துவிட்டதாக நினைத்து அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்துவிட்டாள். இரண்டு முறையும் எங்கள் நாட்டின் பெயருக்கு எதிரே நேரம் இல்லை. சின்னதாக ஒரு கோடு இருந்தது.

"இந்தத் தடவையும் கோடு வந்தா அடுத்த தடவை ஓட்டத்துக்கு ஆள் கிடையாது," என்றார் சங்கச் செயலாளர் அமாசொனே. "ஓடுறவங்களுக்கும் கோச்சுக்கும் குடுக்கிற ரெண்டு பிளேன் சீட்டும் வாலிபாலுக்குப் போயிடும்."

வாலிபால் பெண்கள் அதே அறையில்தான் இருந்தார்கள். மரியாதைக்காகத் தரையைப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் லிலியெத்தா என்னிடம் சொன்னாள்: "சுலி, வேற எதுவும் எனக்கு வராதுன்னு அம்மா சொல்றாங்க. ஓட்டமும் வராதுன்னு இவங்க சொல்லிட்டா, அப்புறம் தினம் சாயங்காலம் நான் என்னதான் பண்றது?"

அவள் கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுக்கிறாள். நான் வானிலை அலுவலகத்தில் மழை அளக்கிறேன்.

அவளுக்குப் பயிற்சி கொடுப்பவர் தாய்மாமன் பெனிதாலா. அவள் மாமா என்று கூப்பிடுவதால் அணியில் எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறோம். விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டுவது அவர் வேலை. எங்கள் தலைநகரத் தீவான ஃபுனாஃபூத்தியில் நேராக ஓடுவதற்கு இருக்கும் ஒரே இடம் விமான ஓடுதளம் என்பதால் இரண்டு வேலைகளையும் அவர் ஒரே இடத்தில் பார்த்துவிடுகிறார்.

சாயங்காலம் ஊரே ஓடுதளத்தில்தான் இருக்கும். விமானம் வருகிற நாளில் மாமா இரண்டு முறை சைரன் போடுவார். முதல் சைரன் கேட்டால் கையில் இருப்பதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும். பந்து போடுகிறவர்கள் கடைசிப் புள்ளியை ஆடுவார்கள், சண்டை போடுகிறவர்கள் விஷயத்துக்கு வருவார்கள். இரண்டாவது சைரன் கேட்டால் எல்லோரும் புல்வெளிக்கு இறங்கிவிட வேண்டும். சில நாள் மழையினால் விமானம் பாதி வழியில் திரும்பிப் போய்விடும். அதைச் சொல்லத் தனியாகச் சைரன் இல்லை. மாமா தன் தாழம்பாயை எடுத்துவந்து ஓடுதளத்தின் நடுவே விரித்துப் படுத்துக்கொள்வார். இதை யாரும் விதியாக எழுதவில்லை. இருந்தாலும் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் எங்களுக்குப் புரியும். மாமா படுத்திருந்தால் விமானம் இல்லை. திரும்பவும் விளையாடலாம்.

லிலியெத்தா சிறுவயதிலிருந்து அங்கே ஓடியவள். முதல் சைரனுக்கு வேகம் எடுப்பாள், இரண்டாவதற்குப் புல்லில் இறங்குவாள். மாமா அப்போது கடிகாரத்தை நிறுத்துவார். விமானம் இறங்கி ஓய்ந்ததும் அவள் விட்ட இடத்தில் ஏறுவாள், அவர் கடிகாரத்தை ஓடவிடுவார். அவளுடைய மிகச் சிறந்த நேரம் ஒரு விமானத்தைக் கழித்துக் கணக்கிட்டது.

அந்த ஆண்டுப் போட்டிகள் பலாவு என்ற தீவு நாட்டில் நடந்தன. மூன்று விமானம் மாறிப் போனோம். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பெண்கள் எல்லோரையும் தங்க வைத்தார்கள், அடுத்த அறையில் ஆண்களை. மாமா தன் பாயையும் கொண்டுவந்திருந்தார்.

"அங்க கட்டில் தருவாங்க மாமா," என்று வாலிபால் தலைவி புவாசினா விமானத்தில் ஏறும்போதே சொன்னாள்.

"தரட்டும். அது மேல பாயை விரிச்சுக்குவேன்."

"மெத்தை இருக்குமே?"

"மெத்தை மேல விரிச்சுக்குவேன். உனக்கென்ன? நீயா தூக்கிட்டு வர்றே?"

நான் டேபிள் டென்னிஸ் ஆட வந்தவள். முதல் நாள் காலையிலேயே தோற்றுவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, ஆட்டமும் அதிக நேரம் நடக்கவில்லை. அதன் பிறகு மற்றவர்களின் ஆட்டங்களுக்குப் போய்க் கைதட்டுவது என் வேலையாயிற்று. கைதட்டுவதும் எனக்கு அவ்வளவாக வராது. பக்கத்தில் யாராவது தட்டினால் கூடவே தட்டுவேன்.

லிலியெத்தாவின் ஓட்டம் நாலாம் நாள் மாலை. பன்னிரண்டரைச் சுற்று. ஏழு பெண்கள் ஓடினார்கள். ஃபிஜிக்காரியும் பப்புவாக்காரியும் சீக்கிரமே தனியாக முன்னால் போய்விட்டார்கள். லிலியெத்தா ஆறாவதாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கிரிபாட்டிப் பெண் ஒருத்தி வந்தாள். நாங்கள் கடைசி வளைவுக்குப் பக்கத்தில், தடுப்புக்கம்பிக்கு மேலே இருந்த படிகளில் உட்கார்ந்திருந்தோம். மாமா பாயைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்திருந்தார். படி சுடுகிறது என்று கொண்டுவந்தவர், பிறகு அது அழுக்காகிவிடும் என்று விரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"அப்படியே போ மகளே, அப்படியே போ," என்று அவர் முணுமுணுத்தார். "முடிச்சா போதும்."

"முடிச்சிடுவாளா?" என்று அமாசொனே கேட்டார்.

"கண்ணு வைக்காதய்யா."

இன்னும் மூன்று சுற்று இருந்தபோது அரங்கத்துக்குப் பின்னால் கோழி சுடுகிற கடையில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. கூரை ஓலையில் கொஞ்சம் பிடித்தது, கடைக்காரரே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டார். ஆனால் அதற்குள் யாரோ போன் செய்துவிட்டதால் தீயணைப்பு வண்டி சைரனோடு வந்தது.

எங்கள் அணி மொத்தமும் வானத்தைப் பார்த்தது.

லிலியெத்தா வேகம் எடுத்தாள். முன்னால் போன பலாவுப் பெண்ணைத் தாண்டினாள். அடுத்த வளைவில் சாலமன் தீவுப் பெண்ணையும் தாண்டினாள். உள்ளூர் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அமாசொனே என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"நாலாவது! பாத்தியா? நம்ம பொண்ணு நாலாவது!"

மாமா கைதட்டவில்லை.

"ஐயோ, இவ பிளேனுக்கு ஓடுறா," என்றார்.

"எந்தப் பிளேன்?"

"முதல் சைரன் அடிச்சிருச்சுல்ல? இன்னொண்ணு அடிச்சா இறங்கிடுவா."

அமாசொனேவின் கை என் தோளிலேயே நின்றது. "தெரியாதா அவளுக்கு? இது பலாவு. இது விளையாட்டு மைதானம்."

"தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. உனக்கே தெரியலையே, நீ ஏன்யா வானத்தைப் பாத்தே?"

தடத்தை விட்டு இறங்கினால் ஓட்டம் அவ்வளவுதான். திரும்ப ஏற முடியாது. விட்ட இடத்தில் ஏறுவதெல்லாம் எங்கள் ஊரில்தான். மாமா பாயை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். தடுப்புக்கம்பிக்கு ஒட்டினாற்போல, தடத்திலிருந்து நன்றாகத் தெரிகிற சிமெண்ட் தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர் எவர் பார்த்தாலும் விமானம் இல்லை என்று தெரிந்துகொள்ளும்படி படுத்திருந்தார்.

ஆனால் அங்கே முதலில் பார்த்தவர்கள் பலாவுவின் முதலுதவிக்காரர்கள். மஞ்சள் சட்டை போட்ட இரண்டு பெண்கள் பெட்டியோடு ஓடிவந்தார்கள்.

"ஐயா, நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா. நான் படுத்திருக்கேன்."

"மூச்சு விட முடியுதா?"

"பேசிட்டுத்தானே இருக்கேன்? கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவளுக்கு நான் தெரியணும்."

"யாருக்கு?"

"பிளேன் வரலைன்னு அவளுக்குத் தெரியணும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழப்பமா பேசுறார்," என்று ஒருத்தி வாக்கிடாக்கியில் சொன்னாள். "வண்டியை உள்ளே அனுப்புங்க."

ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றிருந்தது. நாலு நாளாக அதற்கு வேலை இருக்கவில்லை. ஓட்டுநர் சைரனைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

அதுதான் இரண்டாவது சைரன்.

கடைசிச் சுற்று. லிலியெத்தா எதிர்ப்பக்க நேர்ப்பாதையில் இருந்தாள். எங்கள் அணி முழுவதும் எழுந்து நின்றது. வாலிபால் பெண்களில் ஒருத்தி தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். ஆறேழு வயதிலிருந்து பழகியதை நிறுத்துவது சுலபம் இல்லை.

லிலியெத்தா உள்வரிசையிலிருந்து விலகி வெளிப்பக்கம் வந்தாள். மூன்றாவது வரிசை. ஐந்தாவது. வேகமும் குறைந்தது. சாலமன் பெண் அவளைத் தாண்டினாள். எங்கள் ஊரில் இறங்குவதற்கு முன் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு மாமா எங்கே என்று தேடினாள்.

மாமா ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் அவரைப் பிடித்திருந்தார்கள்.

"விடுங்க! நான் கீழ படுக்கணும்!"

"இதுலயே படுங்க ஐயா."

"இதுல இல்லம்மா, பாயில!"

பாய் காலியாகக் கிடந்தது. காலிப் பாய்க்கு எங்கள் ஊரில் அர்த்தம் கிடையாது. ஆனால் மாமா எழுந்துவிட்டதற்கு உண்டு.

நான்தான் கம்பிக்குக் கிட்டே நின்றிருந்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. இறங்கிப் போய்ப் பாயில் படுத்தேன். அரங்கத்தில் எவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி, "இன்னொருத்தரும் விழுந்துட்டாங்க!" என்று கத்துவது மட்டும் கேட்டது.

பிறகு என் பக்கத்தில் யாரோ பொத்தென்று படுத்தார்கள். கண்ணைத் திறந்தேன். புவாசினா.

"தள்ளிப் படு சுலி. நீ ஒல்லி, அவளுக்கு எங்க தெரியப் போவுது?"

"உங்களுக்குத்தானே அந்த ரெண்டு சீட்டு..."

"வாயை மூடிட்டுப் படு. செத்தவ மாதிரி விறைப்பா படுக்காதே, மாமா மாதிரி நிம்மதியா படு."

மற்ற வாலிபால் பெண்களும் வந்தார்கள். பாயில் இடம் இல்லாததால் சிமெண்டிலேயே படுத்தார்கள். சிமெண்ட் சுட்டது, ஆனாலும் யாரும் அசையவில்லை. கடைசியாக அமாசொனே வந்தார். டை கட்டியிருந்தார். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு ஓரமாகப் படுத்தார்.

கம்பியின் அடியில் எனக்குத் தடத்தின் ஒரு துண்டுதான் தெரிந்தது. அதில் ஏழாவது வரிசையில் லிலியெத்தாவின் கால்கள் வந்தன. நின்றுவிடுவது போல மெதுவாக வந்தன. இன்னும் ஓர் அடி வைத்தால் புல்.

கால்கள் உள்பக்கம் திரும்பின.

அவள் நேராக ஓடி முடிவுக்கோட்டைத் தாண்டினாள். சாலமன் பெண்ணும் பலாவுப் பெண்ணும் அதற்குள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். லிலியெத்தா ஆறாவதாக வந்தாள். சைரன் அடிக்காமலே இருந்திருந்தாலும் ஆறாவதாகத்தான் வந்திருப்பாள்.

மின்பலகையில் துவாலுவுக்கு எதிரே நேரம் இருந்தது. ஆனால் உடனே அதை உறுதிசெய்யவில்லை. அணியினர் படுத்துக்கொள்வது வெளியிலிருந்து செய்யும் உதவி ஆகுமா என்று நடுவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தலைமை நடுவர் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து நின்றபடியே படித்தார். கூட ஓடக் கூடாது, தண்ணீர் நீட்டக் கூடாது, கருவியில் பேசக் கூடாது என்றெல்லாம் இருந்தது. படுப்பதைப் பற்றி எதுவும் இல்லை.

"எதுக்காகப் படுத்தீங்க?" என்று அவர் அமாசொனேவிடம் கேட்டார்.

"களைப்பு," என்றார் அமாசொனே.

"எல்லாருக்குமேவா?"

"மூணு பிளேன் மாறி வந்திருக்கோம்."

பலகையில் இருந்த நேரத்தை உறுதிசெய்தார்கள்.

மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே சோதித்ததில் அவருக்கு உண்மையாகவே ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, அதுவரை யாரும் அளந்ததில்லை. இரண்டு நாள் படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். லிலியெத்தா ஓடிய உடையிலேயே அவரைப் பார்க்கப் போனாள். நானும் புவாசினாவும் கூடப் போனோம். பாயைப் புவாசினாதான் தூக்கிவந்தாள்.

"முடிச்சிட்டேன் மாமா," என்றாள் லிலியெத்தா. நேரத்தைச் சொன்னாள்.

மாமா மனதுக்குள் கணக்குப் போட்டார். "கூட இருக்கே. கடிகாரத்தை எப்ப நிறுத்துனாங்க?"

"நிறுத்தவே இல்ல மாமா."

"ரெண்டு சைரனுக்குமா?"

"ஆமா. தொடர்ந்து ஓடவிட்டுட்டாங்க."

"கறாரான ஆளுங்க," என்றார் மாமா. பிறகு, "எங்க திரும்பினே?" என்று கேட்டார்.

"ஏழாவது வரிசையில. நீங்க ஒரு பொண்ணோட சண்டை போட்டுட்டிருந்தீங்க. சரி, பிளேன் வந்திருச்சுன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா இவங்க எல்லாரும் படுத்திருக்காங்க. செக்ரட்டரி கூட."

"அமாசொனேவா? டையோடயா?"

"டையை உள்ள வெச்சுக்கிட்டார்."

மாமா புவாசினாவைப் பார்த்தார். "நீ எதுக்கும்மா படுத்தே? எந்திரிச்சு நின்னிருந்தா ரெண்டு சீட்டு கிடைச்சிருக்குமே."

"பிளேன் வரலையே மாமா," என்றாள் புவாசினா. "வராத பிளேனுக்கு எப்படி எந்திரிக்கிறது?"

அவள் பாயைப் பிரித்து மெத்தையின் மேல் விரிக்கப் பார்த்தாள். நர்ஸ் வந்து கூடாது என்றாள். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

நாங்கள் கிளம்பும்போது வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று சைரனோடு வாசலுக்குள் திரும்பியது. மூன்று பேரும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தோம். பிறகு திரும்பி மாமாவைப் பார்த்தோம்.

அவர் படுத்துத்தான் இருந்தார்.